இயந்திரம் வரட்டும், கணக்கு எமது கண்முன் இருக்கட்டும்

கொழுந்து மடுவத்தில் தொங்கிய பழைய தராசின் முள்ளை எட்டியாவது பார்க்க முடிந்தது. முள் நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிவிட்டால், "இன்னொரு தரம் தூக்குங்க ஐயா" என்று கேட்கவும் முடிந்தது. கேட்டவருக்கு ஏச்சு விழுந்திருக்கலாம். ஆனால் காட்டிக் கேட்பதற்கு ஒரு முள் இருந்தது. இப்போது பல தோட்டங்களுக்கு மின்தராசும் கையடக்கக் கருவியும் வந்துவிட்டன. அட்டையைக் காட்டுகின்றோம், சாக்கு ஏறுகின்றது, எண் நேரே ஒப்பீசுக் கணினிக்குப் போய்விடுகின்றது.

அண்மையில் எமது கிளைக் கூட்டமொன்றுக்கு ஒரு சகோதரி தமது சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தார். அதில் மூன்று நாட்களுக்கு அரைப்பேர். அவருடைய மகள் பாடசாலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த கிலோக் கணக்கின்படி அந்த மூன்று நாளும் முழுப்பேர். ஒப்பீசில் கேட்டபோது, "கம்பியூட்டர் பொய் சொல்லாது" என்று பதில் வந்ததாம். பொய் சொல்லாதுதான். ஆனால் எவ்வளவு கழிக்கச் சொன்னார்களோ அவ்வளவையும் அது கழிக்கும். தலைவர் போய் விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. மழை நாட்களுக்கென்று கருவியில் போட்ட தண்ணிக்கழிவை, வெயில் வந்த பிறகும் எவரும் மாற்றவில்லை. அந்தச் சகோதரிக்குப் பாக்கி கிடைத்தது. கொப்பி இல்லாத மற்றவர்களின் கதி என்ன?

முன்பு கழிவை வாயால் சொன்னார்கள். அதனால் சண்டை பிடிக்க ஓர் ஆள் இருந்தார். இப்போது கழிவு கருவிக்குள் ஒளிந்திருக்கின்றது. 2021 இல் 1000 ரூபா, 2024 இல் 1350 ரூபா என்று நாளாந்தச் சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை வழியாகப் பெறுவதற்கு நாம் எத்தனை நாள் வீதியில் நின்றோம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அப்படிப் பெற்ற காசு மடுவத்திலேயே அரைக்கிலோ, கால்கிலோ என்று கசிந்துபோக விடலாமா?

இதற்காக இயந்திரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செக்ரோலில் அடித்துத் திருத்தி எழுதிய காலத்தை நாம் மறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர் என்று இருந்ததால், ஓய்வுபெற்ற பின் சேமலாப நிதிக்காக எத்தனை பேர் அலைந்தார்கள்! கணினிப் பதிவு ஒழுங்காக நடந்தால் எம்மிடம் பிடிக்கும் 8 சதவீதம், கம்பனி போடவேண்டிய 12 சதவீதம், நம்பிக்கை நிதியத்தின் 3 சதவீதம் எல்லாவற்றையும் மாதாமாதம் சரிபார்க்கலாம். ஆனால் பிழையான பெயரை அப்படியே கணினியில் ஏற்றினால் பிழையும் அப்படியே நிலைத்துவிடும். ஆகவே பதிவு நடக்கும் இந்தக் காலத்திலேயே ஒவ்வொருவரும் தமது பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எமது பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு முறை இருந்தது. கடன் தொகை எழுதிய ஒரு காகிதத்தோடு ஆட்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினார்கள். அந்தத் தொகை சரியா பிழையா என்று வாசித்துப் பார்க்க அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. 1921 ஆம் ஆண்டு சட்டத்தால் அந்த முறை ஒழிந்தது. எமது கணக்கை வேறொருவர் எழுதி, எமக்குக் காட்டாமல் வைத்திருக்கும் பழக்கம் மட்டும் காகிதத்திலிருந்து கருவிக்கு மாறிவிடக் கூடாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கின்றது. நாள்தோறும் ஏறும் கிலோக்கள் கணினியில் சேரச் சேர, யார் குறைவாக எடுக்கின்றார், எந்த மலை நட்டம் என்று சொல்லச் செயற்கை நுண்ணறிவு வரும். அதற்கு எண் தெரியும். பழைய விதைத் தேயிலை மலையில் நிறை கிடைத்தவரையும் வீ.பீ. தேயிலையில் நிறை கிடைத்தவரையும் ஒரே கோலால் அளக்கக் கூடாது என்பது அதற்குத் தெரியுமா? வயிற்றில் பிள்ளையோடு ஏறியவரையும், அட்டை கடித்த காலோடு ஏறியவரையும் அது அறியுமா? அந்தப் பட்டியலை வைத்து எவரது வேலையிலும் கைவைப்பதற்கு நாம் சம்மதிக்க முடியாது.

கைரேகைக் கருவியும் அப்படித்தான். கொழுந்துக் கறை ஏறித் தேய்ந்த விரலை அது அடையாளம் காணாவிட்டால் அந்த நாள் பேர் இல்லாமல் போகக் கூடாது. கைரேகை சாதாரண தகவலும் அல்ல. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கின்றது. அதை எங்கே வைக்கின்றார்கள், யாருக்குக் கொடுக்கின்றார்கள் என்று கேட்பது எமது உரிமை.

நிருவாகங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் ஒரு சீட்டு வேண்டும். அதில் மொத்த நிறை வேறாகவும் கழிவு வேறாகவும் இருக்க வேண்டும். புதிய கருவி வருமுன் தோட்டக் கமிட்டியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பழக்கிக் கொடுப்பதை வேலை நேரத்திலேயே, பேர் போட்டுச் செய்ய வேண்டும். மலையில் சிக்னல் இல்லாத நாளில் பழையபடி கையால் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும்.

சங்கத்தின் பக்கமும் குறை உண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை. தராசடியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கருவியைப் பற்றிப் பேச ஒப்பீசுக்குப் போகும் தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள், அவர்களிலும் பலருக்கு அந்தத் திரையை வாசிக்கத் தெரியாது. ஆகையால் ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் சங்கத்திலிருந்து இருவரையும், படித்துவிட்டு லயத்தில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவரையும் இதற்கென்று தெரிவுசெய்யும்படி கிளைகளைக் கேட்டுக்கொள்கின்றோம்.

அதுவரைக்கும் கொப்பி போதும். திகதி, மலை, காலை நிறுவை, பகல் நிறுவை, பின்னேர நிறுவை, சொன்ன கழிவு ஆகியவற்றை இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியையும் இந்த மாதச் சம்பளச் சீட்டையும் கொண்டு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.