திருந்தாத மொழிகளும் நமது பாடத்திட்டமும்

தமிழ் முதுகலை பயின்றவர்கள் அந்த அட்டவணையை மறந்திருக்க மாட்டார்கள். திராவிட மொழிகள் இருவகைப்படும்: திருந்திய மொழிகள், திருந்தாத மொழிகள். முதற் கட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியன; இரண்டாவதில் தோடா, கோத்தா, கோண்டி, கூய், ஒராவன் முதலியன. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு உறுதியான வினா. பிரிவு கால்டுவெல்லினுடையது. பண்படுத்தப்பட்டவை, படாதவை என்னும் பொருளில் அவர் ஆண்ட ஆங்கிலச் சொற்களுக்கு நம்மவர்கள் தேர்ந்தெடுத்த தமிழ்தான் இந்தத் 'திருந்துதல்'. (1875இல் வந்த இரண்டாம் பதிப்பில், எழுத்திலக்கியம் இல்லாத குடகு மொழியையும் அவர் முதல் வரிசையில் அமர்த்தினார், அளவுகோல் எதுவென்பது தனிக் கேள்வி.) தமிழில் குடிகாரன் திருந்துவான், திருடன் திருந்துவான். ஒரு மொழி எந்தக் குற்றத்திலிருந்து திருந்த வேண்டும் என்று நம் பாடநூல்கள் இன்றுவரை சொல்லவில்லை.

சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்பாரும் உண்டு. சில நூல்களில் 'எழுத்து வழக்கற்ற மொழிகள்' என மாற்றியும் இருக்கிறார்கள். நோய் சொல்லோடு நிற்பதாக நமக்குத் தோன்றவில்லை. இம்மொழிகளைப் பல்கலைக்கழகம் தரவாகக் கொள்கிறது; இலக்கியமாகக் கொள்வதில்லை. பேசுவோரைத் தகவலாளிகளாகக் கொள்கிறது, ஆசிரியர்களாகக் கொள்வதில்லை.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் 36 பட்டியல் பழங்குடிச் சமூகங்களுள் மிகவும் நலிந்தவையாக அரசு வகைப்படுத்திய ஆறும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) அங்கு வாழ்கின்றன. உலகப் பல்கலைக்கழகங்கள் இத்தனை ஆர்வத்தோடு ஏறிவந்த மலை இந்தியாவில் வேறு உண்டா என்பது ஐயமே. 1901-02இல் வந்த ரிவர்ஸ், 1906இல் தோடர்களைப் பற்றிப் பெருநூல் எழுதினார். தமக்குப் புனிதச் சடங்குகளைச் சொல்லித் தந்த சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்ததையும், அந்நியனிடம் இரகசியத்தை வெளியிட்டதால் வந்த தெய்வக் கோபம் அது எனத் தோடர்கள் கருதியதையும் அவரே அந்நூலில் பதிவு செய்திருக்கிறார். மானிடவியல் மாணவர்கள் அந்நூலின் வம்சாவளி முறையைப் படிக்கிறார்கள். இப்பகுதியைப் படிப்பவர் குறைவு.

அடுத்து வந்தவர் எமனோ. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடா, கோத்தா, படகு, குடகு மொழிகளை ஆராய்ந்தார். பின்னாளில் பர்ரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961) இல்லாமல் நம் ஒப்பிலக்கண வகுப்பு நடவாது. ஆனால் 1971இல் அவர் வெளியிட்ட தோடாப் பாடல்களின் பெருந்தொகுப்பைத் தமிழ்த் துறைகளில் எத்தனை பேர் புரட்டியிருப்போம்? அப்பாடல்களின் யாப்பு வியப்புக்குரியது. நிலைபெற்ற சிறு தொடர்கள் இணை இணையாக அடுக்கப்படுகின்றன. ஒன்றைச் சொன்னால் அதற்கு ஒத்த மற்றொன்று வந்தே தீர வேண்டும். எருமை, பால்மனை, மந்து, இறந்தவரின் வாழ்வு என ஒவ்வொன்றுக்கும் மரபு வகுத்த இணைகள் உண்டு. கவிஞர் என்றொரு தனிச் சாதி அங்கில்லை. ஆணும் பெண்ணும் பாடல் கட்டுகிறார்கள், நேற்று நடந்த நிகழ்ச்சிக்கும் கட்டுகிறார்கள். சுமார் இரண்டாயிரம் பேர் மட்டுமே கொண்ட ஒரு சமூகத்தில் இத்தனை கட்டுக்கோப்பான கவிதை மரபு இருக்கும்போது, அம்மொழியைத் திருந்தாத வரிசையில் மனப்பாடம் செய்கிறவன் எதை இழக்கிறான் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒலியிலும் அப்படித்தான். தொல்காப்பியம் றகரத்தை வல்லினத்தில் வைக்கிறது. நம் பேச்சிலோ தனித்து வரும் றகரம் பெரும்பாலும் ரகரத்தோடு கலந்துவிட்டது. தகரத்தினின்றும் டகரத்தினின்றும் வேறுபட்டு நிற்கும் அந்தப் பழைய வல்லொலி தோடாவிலும் கோத்தாவிலும் உயிரோடிருக்கிறது. இதைச் சொன்னவுடன் தமிழ் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த இடத்திலேதான் எச்சரிக்கையும் வேண்டும். 'நம்' பழமைக்குச் சாட்சி என்பதால் ஒரு மொழியை மதிப்பது அரை மதிப்புத்தான். மலைமக்கள் வாழ்வில் சங்க காலத்தைத் தேடும் ஆய்வேடுகள் குறிஞ்சித் திணைக்கு உரை எழுதுகின்றனவேயன்றி அம்மக்களைக் காண்பதில்லை. தோடர் சங்க காலத்தில் வாழவில்லை; நம்மோடு இதே ஆண்டில், சாலை, சுற்றுலா, தேயிலைத் தோட்டம், வனத்துறை ஆகியவற்றுக்கு நடுவே வாழ்கிறார்கள்.

தகவலாளி என்ற சொல்லுக்கு வருவோம். எமனோவின் கோத்தா நூல் 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வந்தது. அதிலுள்ள கதைகளைச் சொன்னவர் சுல்லி என்னும் கோத்தர். ஆங்கிலம் கற்ற ஆசிரியர். தம் சமூகத்தில் மாற்றங்களுக்காகப் போராடியவர். மானிடவியலர் மண்டல்பாமுக்கும் அவரே வழிகாட்டி. 1960இல் மண்டல்பாம் அவரைச் சீர்திருத்தவாதி எனக் குறித்துத் தனிக் கட்டுரையே எழுதினார். எமனோ அவர் பெயரை மறைக்கவில்லை. ஆயினும் நூலகப் பட்டியலில் ஆசிரியர் எமனோ, சுல்லி தகவலாளி.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் நீலகிரியின் கீழ்ச்சரிவிலிருந்து வந்த இருளர் மாணவி ஒருவர் பயின்றார். நாட்டுப்புறவியல் தாளுக்கான களப்பணியில் தம் தாயார் பாடியவற்றையே தொகுத்து வந்தார். இணைக்க வேண்டிய படிவத்தில் 'தகவலாளியின் பெயர், வயது, சாதி, கல்வி' என்று கட்டங்கள். "எங்க அம்மாவைத் தகவலாளின்னு எழுதணுங்களா ஐயா?" என்று கேட்டார். ஆசிரியர் என்று எழுதம்மா என்றோம். புறத்தேர்வாளர் அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி அனுப்பியிருந்தார்.

தமிழறிஞர்கள் கொண்டாடும் கமில் சுவெலபில் இருளர் மொழிக்குத் தனியே நூல்கள் எழுதியவர். 'முருகனின் புன்னகை' பற்றி மேடையில் முழங்குவோர் அவற்றைக் குறிப்பிட்டு நாம் கேட்டதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியலார் 1970களில் தோடா, இருள மொழிகளுக்கு எழுதிய ஒலியனியல் நூல்களும் உண்டு. நல்ல உழைப்பு. ஆனால் அவை மொழியியல் அலமாரியில் இருக்கின்றன. இலக்கிய வகுப்புக்குள் வரவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வெளிநாட்டுக்கும் போக வேண்டாம். ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் பழங்குடி மற்றும் வட்டார மொழிகளுக்கென ஒரு துறை தோன்றியது. அதை உருவாக்கி வளர்த்தவர் ராம் தயாள் முண்டா. சிகாகோவில் முனைவர்ப் பட்டம் பெற்று, மினசோட்டாவில் பேராசிரியராக இருந்து, ஊருக்குத் திரும்பிவந்த முண்டாரிக் கவிஞர். பின்னர் அப்பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானார். சந்தாளி, முண்டாரி, ஹோ, காரியா ஆகியவற்றோடு குரூக் மொழிக்கும் அங்கே முதுகலைப் படிப்பு உண்டு. குரூக் வேறெதுவுமன்று, நம் அட்டவணையின் இரண்டாம் கட்டத்து ஒராவன்தான். சிதம்பரத்திலும் மதுரையிலும் திருந்தாத மொழியாக இருப்பது, ராஞ்சியில் எம்.ஏ. பட்டம். ஜார்கண்ட் அரசுப் பணித் தேர்வில் விருப்ப மொழித்தாளாகவும் அது இருக்கிறது. அதற்கெனத் தோலோங் சிக்கி என்ற எழுத்தை வகுத்தவர் ஒரு மருத்துவர், நாராயண் ஒராவன். அங்கு எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை பெரிது. எண்ணிக்கை பலமும் வேறு: குரூக் பேசுவோர் பல இலட்சம், தோடா பேசுவோர் ஒரு சிற்றூரளவு. ஆனால் படிக்கத் தகுந்த இலக்கியமா என்ற கேள்விக்குத் தலைக்கணக்கு விடையாகாது. சங்கப் புலவர்கள் ஐந்நூறு பேர்கூட இல்லை.

நாம் உறுப்பினராக இருந்த ஒரு பாடத்திட்டக் குழுவில், தோடா, இருளப் பாடல்களுக்கு ஒரு விருப்பத்தாள் வேண்டும் என்று முன்மொழிந்தோம். "எழுத்தே இல்லை, இலக்கியம் எங்கிருந்து வந்தது?" என்றார் ஒருவர். நாட்டுப்புறப் பாடலுக்கு ஒரு தாளை ஆண்டுதோறும் நடத்தி வருபவர் அவர். மற்றவர் கேட்டது நடைமுறைக் கேள்வி: யார் நடத்துவது? பாடத் தெரிந்தவரிடம் பட்டம் இல்லை. பட்டம் உள்ளவருக்குப் பாடத் தெரியாது. இக்கேள்விக்கு மானியக் குழுவே பாதி வழி திறந்திருக்கிறது. துறை அனுபவம் மிக்கவர்களைப் பட்டத் தகுதி கோராமல் பேராசிரியராக அமர்த்தலாம் என்ற 2022ஆம் ஆண்டு நெறிமுறையில் இலக்கியமும் கலையும் இடம்பெறுகின்றன. அதைக் கொண்டு தொழிலதிபர்களை அழைக்கும் கல்வி நிறுவனங்கள் ஒரு தோடர் மூதாட்டியை அழைப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

முன்மொழிவு அன்று ஒத்திவைக்கப்பட்டது. இப்போது திருத்தி மீண்டும் அளித்திருக்கிறோம். எந்தப் பாடல் வகுப்புக்கு வரலாம், எது சடங்கிலேயே நிற்க வேண்டும் என்பதை அச்சமூகத்தாரே முடிவுசெய்வார்கள். வேண்டாம் என்றால் அத்தாள் இல்லை. எந்த எழுத்தில் எழுதுவது என்பதும் அவர்கள் பொறுப்பே, ஏனெனில் தோடாவின் ஒலிகளுக்குத் தமிழ் நெடுங்கணக்கு போதாது. இணைப்பாக, ஒப்பிலக்கணத் தாளின் இரண்டாம் அலகில் உள்ள அட்டவணைத் தலைப்பை நீக்கக் கோரும் ஒருவரிக் கடிதமும் இருக்கிறது. குழு அடுத்த கல்வியாண்டுக்கு முன் கூட வேண்டும்.