கடன் யாருக்கு, வட்டி யார் தலையில்?

வங்கியில் பணம் எண்ணுகிற குமாஸ்தா நான். சித்தாள் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி, முந்தானையில் முடிந்து வந்த துட்டைக் கட்டிவிட்டுக் கேட்டாள்: "மாடு வாங்கக் கடன் கேட்டா பத்திரம் கொண்டாங்கிறீங்க. எங்க காசை யாருக்குத்தான் சார் குடுக்கிறீங்க?"

முதலில் அரசாங்கத்துக்கு. சட்டமே அப்படி. 1990இல் வைப்புத்தொகையில் நூற்றுக்கு 38.5 ரூபாய், பெரும்பாலும் அரசுக் கடன்பத்திரங்களில் முடங்கியது. 2020இல் அது 18 ஆகக் குறைந்தது. ஆனால் அரசின் கடன் குறையவில்லை. 2024-25 ஒன்றிய பட்ஜெட் 48 லட்சம் கோடி. அதில் கடன் 16 லட்சம் கோடி. வட்டிக்கே 11.6 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு!

பத்திரம் வைத்திருப்பவனுக்கு வட்டி. சோப்பு வாங்குகிற அக்காவுக்கு வரி.

சரி, செலவாவது சேரிக்கு வந்ததா? 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக, தலித்துகளுக்கான சிறப்பு உட்கூறுத் திட்டப் பணத்தில் 600 கோடிக்கு மேல் டெல்லி அரசு திருப்பிவிட்டது. தப்புதான் என்று உள்துறை அமைச்சரே மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார்.

'செலவைக் குறை' என்று மேட்டுக்குடி கத்துகிறது. கத்தி முதலில் விழுவது நம் பிள்ளைகளின் விடுதிச் சோற்றில். அந்தக் கூச்சலோடு நாம் சேர வேண்டாம். செலவு கூடினால் நல்லதுதான் என்று சும்மா இருக்கவும் வேண்டாம். கடனின் சுமை நிஜம். அது நம் முதுகில் இருக்கிறது.

1915இலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதிக்கணக்கை ஆராய்ந்தவர் அண்ணல். நாமும் கணக்கைக் கேட்போம். எங்க காசு, எங்கே போச்சு?