கட்டக் குறியும் திறந்த மூல நூலகமும்

தில்லி மாநகரின் தென்பகுதியில், இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் மீனுக்கும் மளிகைக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள கடைகளில் தராசுக்கு அருகே, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த சிறு அட்டை தொங்கக் காணலாம். நீர் தெறித்துச் செதிள் ஒட்டிக் கறைபட்டிருப்பினும், வாங்குவோரின் கைப்பேசி அதனை நொடியில் படித்துவிடுகிறது. இத்துணைப் பயனுள்ள சாதனம் கடைத்தெருவோடு நின்றுவிடாமல், பள்ளித் தோட்டத்திற்கும் வயல்வெளிக்கும் வந்து சேர்தல் வேண்டும். அதற்குரிய திறவுகோல் எவர்க்கும் உரிமையான பொதுச் சொத்தாகவே கிடைக்கிறது என்பதைப் பலர் அறியார்.

கியூ.ஆர். குறி எனப்படும் இதனை, 1994ஆம் ஆண்டில் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாராவும் அவர்தம் துணைவரும் மோட்டார் உறுப்புகளை அடையாளங்காணும் பொருட்டு வகுத்தனர். மூன்று மூலைகளிலுள்ள சதுரங்கள் படிக்கும் கருவிக்கு இடமும் திசையும் காட்டுகின்றன. ஏனைய கட்டங்களில் செய்தியோடு, பிழையைத் திருத்த உதவும் உபரி எண்களும் ரீட்–சாலமன் என்னும் கணித முறைப்படி பொதிந்துள்ளன. உச்ச அளவில் அமைத்தால், அவ்வாறு பொதிந்தவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தபோதும் செய்தியை மீட்கலாம். மீன்கடை அட்டை கறைபட்டும் பயன்படுவதன் இரகசியம் இதுவே. காப்புரிமை பெற்றிருந்தும், தரவிதிப்படி குறியை அமைப்போர்மீது அந்நிறுவனம் அவ்வுரிமையைச் செலுத்தவில்லை. 2000ஆம் ஆண்டில் இது சர்வதேசத் தரமாயிற்று.

இக்கணிதத்தை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டுவதில்லை. ஒரு முறை எழுதிச் சோதித்த நிரல்களைப் பிறரும் எடுத்தாளும்படி தொகுத்து வைப்பதே மென்பொருள் நூலகம். அவ்வகையில் ‘ஸீப்ரா கிராஸிங்’ என்பதன் சுருக்கப் பெயரோடு வழங்கும் இசட்எக்ஸிங் நூலகம், குறியை ஆக்கவும் படிக்கவும் வல்லது. அபாச்சி உரிமத்தின்கீழ் அதன் மூலநிரல் அனைவர்க்கும் திறந்துள்ளது. நிரல் எழுத அறியாதாரும் கவலுதல் வேண்டா. லிப்ரே ஆஃபீஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளில் கியூ.ஆர். குறி ஆக்கும் வசதி 2020 முதல் இடம்பெற்றுள்ளது. இணையத் தொடர்பின்றியும் அது இயங்கும்.

அவ்வாறாயின், இணையத்தில் குறி ஆக்கித்தரும் வணிகத் தளங்களை நாடினால் என்ன கேடு என வினவலாம். கேடு கண்ணுக்குப் புலப்படாதது. அவற்றுட் சில, ஆசிரியர் தரும் செய்தியைக் குறியில் பொதியாமல், தம் முகவரியையே பொதிந்து, படிப்போரைத் தம் வழியே செலுத்துகின்றன. தவணைக் கட்டணம் நின்றாலோ தளம் மூடப்பட்டாலோ, அன்றே குறி ஊமையாகிவிடும். மாணவர் அரும்பாடுபட்டு நூறு மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டிய பின்னர், அத்தனையும் ஒரே நாளில் பயனற்றுப்போவது எத்துணை ஏமாற்றம்! செய்தியையே தாங்கிய குறிக்கு இந்த ஆபத்து இல்லை. அச்சு அழியும்வரை அது பேசும்.

இங்குத் தமிழுக்குரிய ஒரு கணக்கையும் மனத்திற் கொள்ளல் நலம். மிகப் பெரிய குறியில், பிழைதிருத்தம் குறைந்த நிலையில், 2,953 பைட்டுகள் அடங்கும். யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். ‘மா’ என்னும் ஓரெழுத்து, மகரமும் காலுமாக 6 பைட்டுகள் ஆகிறது. எனவே நீண்ட கட்டுரையைத் திணிப்பது வீண். மரத்தின் பெயர், குடும்பம், நட்ட ஆண்டு. மண் மாதிரியாயின் ஊர், புல எண், ஆழம், எடுத்த நாள் — இவ்வளவே போதும். கட்டங்கள் குறைவாயின் மலிவான கைப்பேசியும் எளிதில் படிக்கும்.

இலவசப் பொருளுக்குப் பொறுப்பாளர் யார் என்னும் ஐயம் நியாயமானதே. இசட்எக்ஸிங்கின் ஜாவா மூலவடிவம் இப்போது பராமரிப்பு நிலையில் மட்டுமே உள்ளது. புதிய வசதிகள் சேர்க்கப்படுவதில்லை. ஆயினும் மூலநிரல் திறந்திருந்தமையால், பிறர் அதனைச் சி++ மொழியில் பெயர்த்து வளர்த்து வருகின்றனர். பூட்டிய மென்பொருளைக் கைவிட்டால் அதனோடு எல்லாம் முடிந்துவிடும். திறந்த மூலத்திற்கோ வாரிசுகள் தோன்ற வழியுண்டு. இந்திய அரசு 2015இல் வெளியிட்ட கொள்கையும் அரசு அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளை விரும்பி ஏற்குமாறு பணிக்கிறது.

எச்சரிக்கைகளும் உள. குறி மனிதக் கண்ணுக்கு விளங்காதாகையால், அதனருகே செய்தியை எழுத்திலும் பொறித்தல் வேண்டும். அச்சிட்ட பின் திருத்த இயலாதாகையால், முன்னரே இருவர் படித்துச் சரிபார்த்தல் நன்று. பிறர் குறியின்மேல் தம் குறியை ஒட்டி ஏமாற்றுவோரும் உண்டென்பதை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடமை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் இக்குறி அச்சாகி வருகிறது. மாணவர் அதனைப் படிக்கப் பழகிவிட்டனர். ஆக்கப் பழகுதலே எஞ்சியுள்ளது. ஒரு பள்ளி பத்து மரங்களிலிருந்தும், ஓர் ஊழியர் ஒரு நாள் மண் மாதிரிகளிலிருந்தும் தொடங்கலாம். மீன் விற்பவருக்கு எளிதாயிற்று, கற்பிப்பவருக்கு அரிதாகாது.