ஆறே மாதம்! யத்தீம்களின் உரிமையைத் தவற விடாதீர்!



நம் மஹல்லாவில் ஒருவர் சாலை விபத்தில் இறந்துவிட்டால் அடுத்த மூன்று நாட்களில் என்னென்ன நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தகவல் வந்ததும் பத்து இருபது பேர் அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். "மையித்தை அறுக்க விடக் கூடாது" என்று தெரிந்தவர்களைப் பிடித்து, ஸ்டேஷனில் பேசி, போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் வாங்கி வரப் பார்க்கிறோம். அடக்கம் முடிந்த மறுநாள் லாரி முதலாளியின் ஆள் வருகிறார். அழுவது போல் பேசுகிறார். ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ எடுத்து வைக்கிறார். இறந்தவரின் அண்ணனோ மைத்துனரோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சி. "எல்லாம் தக்தீர். கோர்ட், கேஸ் என்று அலைந்தால் போன உயிர் திரும்பவா போகிறது?" என்று ஒரு முடிவுரை. உள்ளே இத்தாவில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

அடுத்த ரமலானில் அதே குடும்பத்துக்கு நாம் ஜகாத் பிரிக்கிறோம். சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டியதை விட்டுக் கொடுத்தவர்களும் நாம்தான், பிறகு அவர்கள் பெயரால் கை ஏந்துபவர்களும் நாம்தான்!

மன்னிக்க நாம் யார்?

தக்தீரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தக்தீரை நம்பச் சொன்ன அதே மார்க்கம், தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டால் அவரது குடும்பத்தாரிடம் நஷ்டஈட்டை ஒப்படைக்க வேண்டும் என்றும் சட்டம் வைத்திருக்கிறதே! திருக்குர்ஆனின் 4:92 வசனத்தை எடுத்துப் பாருங்கள். விட்டுக் கொடுக்கும் உரிமையை அந்த வசனம் இறந்தவரின் குடும்பத்தாரிடம்தான் கொடுக்கிறது. ஊர்த் தலைவரிடமோ, பேச்சுவார்த்தைக்குப் போன நான்கு பேரிடமோ கொடுக்கவில்லை. அதிலும் பால்குடி மாறாத பிள்ளைக்குரியதை விட்டுக் கொடுக்கச் சித்தப்பாவுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

தியத்தும் இந்நாட்டுச் சட்டம் தரும் இழப்பீடும் ஒன்றல்ல என்பது உண்மை. தியத் என்பது உயிருக்கென்று நிர்ணயிக்கப்பட்ட தொகை. இங்கே நீதிமன்றம் பார்ப்பது, இறந்தவரின் சம்பாத்தியத்தை நம்பியிருந்தவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பதை. இருந்தாலும் "உயிருக்கு விலை பேசுவது பாவம்" என்று சொல்லிக் குடும்பத்தின் வாயை அடைப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதற்கு மேற்கண்ட வசனமே போதும்.

'டிரைவர் பாவம்' என்பவர்களுக்கு...

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள். "டிரைவரும் ஏழை, அவனை ஜெயிலுக்கு அனுப்பி நமக்கென்ன லாபம்?" நல்ல மனம்தான். ஆனால் விஷயம் தெரியாத நல்ல மனம். போலீஸ் போடும் கிரிமினல் வழக்கு வேறு, நஷ்டஈட்டு வழக்கு வேறு. நஷ்டஈட்டு வழக்கில் பணம் கட்டப் போவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதே இதற்காகத்தான். வண்டிக்காரர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியிருக்கிறார். அந்தப் பணம் உங்கள் வீட்டு யத்தீமுக்காகவே வசூலிக்கப்பட்டது. நீங்கள் கேட்காமல் விட்டால் டிரைவருக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை. கம்பெனிக்குத்தான் மிச்சம்!

எவ்வளவு கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 34 வயது ஜவுளி வியாபாரி, மாத வருமானம் 15,000 ரூபாய், வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான தாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் வருங்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆக 21,000. நம்பியிருப்பவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால் இறந்தவரின் சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழிக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மீதி 15,750. ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு இதை 16ஆல் பெருக்க வேண்டும். மொத்தம் 30,24,000 ரூபாய்! அடக்கச் செலவும், துணையை இழந்த மனைவிக்கும் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும் உரிய தொகைகளும் இதற்கு மேல். இறந்தவர் மீதும் ஓரளவு தவறு இருந்தால் அந்த விகிதத்துக்குக் குறையும். அப்படியே பாதியாகக் குறைந்தாலும் 15 லட்சம் எங்கே, பத்திரத்தில் எழுதி வாங்கிய 50 ஆயிரம் எங்கே?

பெண் இறந்தாலும் இதே உரிமை உண்டு. "வீட்டில் சும்மா இருந்தவர்தானே" என்ற வாதத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிராகரித்து, இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்றது. திருமணமாகிப் போன மகள் மனுப் போடலாம். சம்பாதித்துப் போட்ட சகோதரனை இழந்த சகோதரனும் கேட்கலாம். 2021இல், மருமகனோடு வாழ்ந்த மாமியாரையும் சட்டப் பிரதிநிதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

பழைய வக்கீல் சொன்னதை நம்பாதீர்

இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். "விபத்துக் கேஸுக்குக் கெடு கிடையாது, எத்தனை வருடம் கழித்தும் போடலாம்" என்று ஊரில் பலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது சரி. 1988 சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருந்தது. 1994இல் அதை நீக்கினார்கள். ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதே ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டு வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்! இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. கெடுவுக்குள் மனுப் போட்டவனுக்கு அந்தக் கவலையே இல்லையே!

இப்போது நம் நிலைமையை யோசியுங்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பிணி என்றால் பிரசவம் வரை. "இத்தா முடியட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று குடும்பம் உட்கார்ந்துவிடுகிறது. இத்தா முடிந்து நிமிரும்போது மிச்சமிருப்பது ஏறக்குறைய 50 நாள். அதற்குள் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல் என்று தாலுகா ஆபீஸுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டும். தாலுகா ஆபீஸ் எப்படிப்பட்டது என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இத்தாவில் இருக்கும் பெண் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வர மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் வக்காலத்தை வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். இத்தா வழக்குக்குத் தடை அல்ல. நம்முடைய சோம்பல்தான் தடை.

வழக்கை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. மேலப்பாளையத்துக்காரர் சரக்கு எடுக்கப் போன வழியில் கிருஷ்ணகிரியில் இறந்தாலும், குடும்பம் வசிக்கும் திருநெல்வேலியிலேயே தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம்.

மையித்தும் போஸ்ட்மார்ட்டமும்

மையித்தைக் கண்ணியமாக, சீக்கிரமாக அடக்க வேண்டும் என்ற நம் தவிப்பு நியாயமானது. ஆனால் விபத்து மரணத்தில் எஃப்.ஐ.ஆரும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் இல்லையென்றால், நாளை கம்பெனி வக்கீல் எழுந்து "இவர் விபத்தில்தான் இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார். மாரடைப்பு என்பார். படியில் விழுந்தார் என்பார். பதில் சொல்ல முடியாமல் நிற்கப் போவது விதவை.

எனவே போஸ்ட்மார்ட்டத்தைத் தடுக்க ஓடும் இளைஞர்கள், அதைச் சீக்கிரம் முடிக்க ஓடுங்கள். சூரியன் மறைந்த பிறகும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி அளித்துவிட்டது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. மருத்துவமனையில் போதிய வசதியும் இருக்க வேண்டும். சாதாரண விபத்து மரணத்தில் இதைக் கேட்டுப் பெற நமக்கு முழு உரிமை உண்டு.

பிணவறை வாசலிலேயே வெற்று வக்காலத்தோடு நிற்கும் புரோக்கர்களிடம் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். யார் வக்கீல், எவ்வளவு கட்டணம் என்று தெரியாமல் போட்ட கையெழுத்து, கிடைக்கும் பணத்தில் எவ்வளவு தின்னும் என்று சொல்ல முடியாது.

வியாபாரிகளே, வருமானம் எங்கே எழுதியிருக்கிறது?

நம்மவர்களின் வழக்குகளில் பணம் குறைவதற்குப் பெரிய காரணம் இதுதான். நடைபாதையில் துணி விற்பவர் மாதம் 25 ஆயிரம் சம்பாதித்திருப்பார். காகிதத்தில் ஒன்றும் இருக்காது. காகிதம் இல்லை என்பதால் வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. 2008இல் விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், எந்த ரசீதும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் நீதிபதியின் மதிப்பீட்டை நம்பி இருப்பதை விட, சரக்கு எடுத்த பில், வங்கிக் கணக்கு வரவு, கடை லைசென்ஸ், ஜி.எஸ்.டி. பதிவு, கைப்பட எழுதிய தினசரிக் கணக்கு நோட்டு ஆகியவற்றை வைத்திருப்பது எவ்வளவோ மேல். வரிக்குப் பயந்து கணக்கை மறைப்பவர் தன் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்தே மறைக்கிறார்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பைக்கை நீங்களே தவறாக ஓட்டி இறந்தால் இந்த இழப்பீட்டை உங்கள் குடும்பம் கேட்க முடியாது. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் மிஞ்சும். அதுவும் லைசென்ஸ் இருந்தால். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று தெரியாவிட்டால் "யார் மீது கேஸ் போடுவது?" என்று விட்டுவிடுகிறோம். அதற்கும் 2022 ஏப்ரல் முதல் அரசின் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் உண்டு. முன்பு வெறும் 25 ஆயிரமாக இருந்தது. தாலுகா ஆபீஸில் விசாரியுங்கள். ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்த பயணியின் குடும்பத்துக்கு 8 லட்சம். ரயில்வே தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்பது 2018 தீர்ப்பு. அறுந்து கிடந்த மின்கம்பியில் இறந்தால் மின்வாரியம் பொறுப்பு. அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதே இல்லை என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறு வகை அலட்சிய மரணங்களுக்கு 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், இன்றும் உயிரோடு இருக்கிறது. அதற்குக் கெடு இரண்டு ஆண்டு.

நம் வண்டி மோதினால்?

இதையும் பேசாவிட்டால் நாம் நியாயமானவர்கள் அல்ல. நம்மில் எத்தனையோ பேர் லோடு ஆட்டோவும் வேனும் வைத்திருக்கிறோம். நம் வண்டியில் அடிபட்டு இன்னொருவர் வீட்டுப் பிள்ளை இறந்தால், நாமும் ஆள் அனுப்பி ஐம்பதாயிரத்தில் பத்திரம் எழுதப் பார்க்கிறோமா இல்லையா? இறந்தவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவர் வீட்டுப் பிள்ளைகளும் அநாதைகள்தான். பாலிசி நகலை அவர்கள் கையில் கொடுத்து "கேஸ் போடுங்கள்" என்று சொல்பவரே நேர்மையான வியாபாரி. பாலிசியைப் புதுப்பிக்காமல் வண்டியை ரோட்டில் விட்டவர் அந்த முப்பது லட்சத்தைத் தன் கடையை விற்றுக் கட்ட வேண்டி வரும்.

கையில் காசில்லாத குடும்பங்கள் வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் தாலுகா நீதிமன்றத்திலும் அதற்கான அலுவலகம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றை எடுத்துக் கொண்டு, மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதலாமா கூடாதா என்ற சண்டையை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, ஜமாஅத்தில் இருந்து இரண்டு பேர் அந்தக் குடும்பத்துக்காக அங்கே போய் வாருங்கள்.