பேச்சு நின்றால் ஓட்டமும் நிற்கட்டும்

வானொலியில் நான்கைந்து விநாடி சத்தம் வராவிட்டால் போதும், ஒலிபரப்புக் கூடமே பதறிவிடும். அந்தப் பழக்கமோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு ஓடும்போதும் என் காது பேச்சின் மீதே இருக்கிறது.

நாங்கள் ஏழு பேர். கணக்காளர், ஆசிரியர்கள், ஒரு தாதி என்று கலவையான கூட்டம். காலை ஐந்தரைக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடுவோம். சிலருக்கு நெட்டோட்டம் இலக்கு. மற்றவர்களுக்கு டிரையத்லான். உடனே பயந்துவிடாதீர்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு முழு நெட்டோட்டம் என்ற 'அயர்ன்மேன்' எல்லாம் எங்களுக்கு எட்டாத உயரம். நாங்கள் பழகுவது 'ஸ்பிரிண்ட்' வகை: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்.

நீண்ட ஓட்டத்துக்கு எங்களிடம் ஒரே விதி. பேசிக்கொண்டே ஓட வேண்டும். முழு வாக்கியம் வந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் குறைக்க வேண்டும். பிடிஓ வீடு, பிள்ளையின் தொடக்கநிலை ஒன்று பதிவு, மாமியார் சமையல் எனப் பதினைந்து கிலோமீட்டருக்குப் பேச நமக்கா விஷயம் இல்லை?

நம் ஊர் விடியற்காலையை நம்பக் கூடாது. வெயில் இருக்காது, ஆனால் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றே நனைந்திருந்தால் வியர்வை சொட்டி வீணாகிறது, சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கணக்காளர் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மௌனமானார். குழுவிலேயே அதிகம் பேசுகிறவர் அவர்தான். "என்னண்ணா, இன்னிக்குக் கதையே காணோம்?" என்று கேட்டேன். "ம்" என்றார். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

தாதித் தோழி அந்த இடத்திலேயே எல்லாரையும் நிறுத்தினார். ஒருவர் 995-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நாங்கள் கைகட்டி நிற்கவில்லை. அவரை நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, இருந்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றினோம். அப்போதுதான் திறந்துகொண்டிருந்த பானக்கடையில் ஐஸ் வாங்கிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, டீசட்டையால் விசிறினோம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைப் பயணம் என்று தோழி பிறகு விளக்கினார். அன்று அவர் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

நண்பர் நலமாகிவிட்டார். மருத்துவமனையில்தான் உண்மை வெளியே வந்தது. முதல் நாள்வரை அவருக்குக் காய்ச்சல். ஏன் சொல்லவில்லை என்றோம். "சொன்னா ஓட்டுவீங்களே" என்றார்.

எனக்கு வெயிலைவிட இதுதான் உறைத்தது. நம் ஆள்களிடம் கேலிக்குப் பஞ்சமில்லை. "மாப்பிள்ளைக்கு மெத்தைய விட்டு வர மனசில்ல" என்று நாம் விளையாட்டாகச் சொல்வதைக் கேட்டே ஒருவர் காய்ச்சலோடு காலணியை மாட்டிக்கொள்கிறார். அவருடைய மனைவி எங்களிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "உங்க மெடல் எனக்கு வேணாம். ஆளை முழுசாக் கொண்டாந்து விடுங்க."

இப்போது சனிக்கிழமை இரவே வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விகள் போகும். காய்ச்சல் உண்டா, மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா, தூக்கம் போதுமா? வரவில்லை என்பவரிடம் காரணம் துருவுவதில்லை, கேலிக்கும் தடை. கடல் நீச்சலில் பேச வழியில்லை, அதனால் இரண்டிரண்டு பேராக, இடுப்பில் ஆரஞ்சு மிதவையோடுதான் இறங்குகிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைத் தூக்கி ஜோடியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால்தான் அடுத்த கை வீச்சு.

போன வாரம் கணக்காளரிடமிருந்து செய்தி: "நாலு மணி நேரம்தான் தூங்கினேன். ஓடல. பரோட்டாவுக்கு வர்றேன்."

எட்டரைக்குச் சரியாக வந்துவிட்டார்.