காவலாளியின் பெயர் என்ன?

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை. எடப்பாடியில் அன்பியக் கூட்டம். செபமாலை முடிந்தது, நற்செய்தி வாசிக்கப்பட்டது, தேநீர் வந்தது. தேநீரோடு கோடநாடும் வந்தது.

'பாட்காஸ்ட்' எனப்படும் ஒலித்தொடர் ஒன்றில் அவ்வழக்கைப் பற்றிய பகுதிகளை நம்மில் மூவர் கேட்டிருந்தனர். தறிப்பட்டறையில் உழைப்போருக்கு இத்தொடர்கள் நல்ல துணை. விசைத்தறியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. காதில் கருவியைச் செருகிக்கொண்டால் வேலை முடியும்வரை யாரோ ஒருவர் நம்மோடு பேசிக்கொண்டேயிருப்பார். அன்று அவரவர் கேட்டதை அவரவர் எடுத்துவைத்தோம். அந்த விபத்து விபத்தே அன்று என்றார் ஒருவர். எல்லாம் தற்செயலே என்று மறுத்தார் மற்றொருவர். ஏவியவர் யார், மறைத்தவர் யார், கைமாறிய தொகை எவ்வளவு என்பதையெல்லாம் கண்ணால் கண்டவர்போல் அடுக்கினோம். 'அடுக்கினோம்' என்று தெரிந்தே எழுதுகிறோம். பேசியவர்களில் நாமும் இருந்தோம். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

மூலையில் ஒரு பெரியவர் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். நூல் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் பார்ப்பவர். எழுந்து புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "செத்துப்போனாரே அந்தக் காவக்காரரு, அவரு பேரு என்னங்க? அவருக்குப் புள்ளைக இருந்துச்சுங்களா?"

எவருக்கும் தெரியவில்லை. மாளிகையின் மர்மங்களையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த நமக்கு, அதன் வாயிலைக் காத்து உயிர்விட்டவரின் பெயர் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் எழுதப்படுகிறது இக்கட்டுரை.

நடந்தது என்ன?

அவர் பெயர் ஓம் பகதூர். நேபாளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். 2017 ஏப்ரல் 23ஆம் நாள் இரவு, நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரியை அடுத்த கோடநாடு தேயிலைத் தோட்டத்திற்குள் ஒரு கும்பல் புகுந்தது. அத்தோட்டத்தில் ஓய்வெடுத்து வந்த முதல்வர் ஜெயலலிதா மறைந்து அப்போது ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. ஓம் பகதூர் கொல்லப்பட்டார்; மற்றொரு காவலாளி காயமுற்றார். சில கைக்கடிகாரங்களும் ஒரு படிகப் பொம்மையும் களவு போயின எனக் காவல்துறை கூறிற்று.

சில நாட்களுக்குள், தேடப்பட்டவர்களில் முதன்மையானவரான முன்னாள் கார் ஓட்டுநர் நமது சேலம் மாவட்டத்து ஆத்தூர் அருகே சாலை விபத்தில் மாண்டார். அவர் எடப்பாடிப் பகுதியைச் சேர்ந்தவர். ஓரிரவு கழிவதற்குள் பாலக்காட்டருகே நிகழ்ந்த வேறொரு விபத்தில், தேடப்பட்ட இன்னொருவரின் மனைவியும் சின்னஞ்சிறு மகளும் மடிந்தனர். அவ்வாண்டு ஜூலையில் தோட்டத்தின் கணினிப் பணியாளரான இளைஞர் ஒருவர் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார்.

2021-இல் மேல்விசாரணை தொடங்கியது. 2022-இல் வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் உதகை நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பு வரவில்லை.

இவ்வளவே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது. இதற்குமேல் அன்று நாம் பேசியதெல்லாம் ஊகம். பெரும் தலைவர்களின் பெயர்களை இக்கட்டுரையில் தேடும் வாசகர் ஏமாறுவார். அச்சத்தால் அவற்றை விடவில்லை. ஐந்து பேர் இறந்த ஒரு வழக்கை நாம் தேர்தல் பேச்சாக மாற்றிவிட்டோம் என்பதே நமது குற்றச்சாட்டு. ஒரு கட்சிக்காரருக்கு அது வாள்; மறு கட்சிக்காரருக்கு அது கேடயம். ஓம் பகதூர் யாருக்கும் தேவைப்படவில்லை. திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று கொல்லப்பட்ட ராமஜெயத்தின் வழக்கும் இப்படித்தான் திண்ணைக்குத் திண்ணை தீர்க்கப்படுகிறது, நீதிமன்றத்தில்தான் தீரவில்லை.

கேட்பது பாவமா?

'கதை கேட்பது மனித இயல்பு. காவல்துறை உறங்கும்போது இத்தொடர்கள்தாமே வழக்கை உயிரோடு வைத்திருக்கின்றன?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. நேர்மையாகவே விடை காண்போம்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கர்ட்டிஸ் பிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவர், 1996-இல் நிகழ்ந்த நால்வர் கொலைக்காக ஒரே அரசு வழக்கறிஞரால் ஆறுமுறை விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். 'இன் தி டார்க்' என்னும் ஒலித்தொடரின் செய்தியாளர்கள் 2018-இல் அவ்வழக்கை எடுத்தனர். எப்படி எடுத்தனர்? அவ்வூரிலேயே ஏறத்தாழ ஓராண்டு தங்கினர். பல்லாண்டு நீதிமன்ற ஏடுகளைப் புரட்டி, கறுப்பினத்தவர் நடுவர் குழுவிலிருந்து எவ்வாறு ஒதுக்கப்பட்டனர் என்று எண்ணிக் கணக்கிட்டனர். சாட்சிகளைத் தேடிச்சென்று, சொன்னது மெய்யா என்று மீண்டும் கேட்டனர். 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. 2020-இல் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஏறத்தாழ 23 ஆண்டுகள் சிறையில் வாடிய மனிதர் விடுதலை பெற்றார். இத்தகைய உழைப்பை எவர் பழிப்பார்? அது இறைவாக்கினரின் பணிக்கு அண்மையானது.

ஆனால், அதே நாட்டில் மற்றொரு காட்சி. பால்டிமோரில் 1999-இல் கொல்லப்பட்ட ஹே மின் லீ என்ற பள்ளி மாணவியின் வழக்கை 2014-இல் 'சீரியல்' என்ற தொடர் உலகெங்கும் பரப்பியது. தண்டனை பெற்ற இளைஞர் குற்றவாளியா அல்லரா என்று கோடிக்கணக்கானோர் வாதிட்டனர். 2022-இல் அவரது தண்டனையை நீக்க நீதிமன்றம் கூடியபோது, கொலையுண்ட பெண்ணின் தம்பிக்குப் போதிய முன்னறிவிப்புகூடத் தரப்படவில்லை. தொலைதூரத்திலிருந்து காணொளி வழியே பேசிய அவர், உங்களுக்கு இது ஒலித்தொடர், எனக்கோ இது வாழ்க்கை என்ற பொருள்பட மன்றாடினார். மேல் நீதிமன்றங்கள் 2023-லும் 2024-லும் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று கூறித் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தின. 2025-இல் தண்டனைக் காலம் மட்டுமே குறைக்கப்பட்டது. எது சரி என்று இங்கிருந்து நாம் சொல்லத் துணியோம். ஓர் உலகமே விவாதித்த ஒரு கொலையில், உடன்பிறந்தவரை அழைக்க மறந்தார்களே! அந்த மறதியும் நமது அன்பியத்தின் மறதியும் ஒன்றுதானே?

ஆகவே, கேட்பது பாவம் என்று நாம் சொல்லவில்லை. ஓராண்டு தங்கி ஆராய்ந்தவரின் சொல்லையும், ஒரு மாலைப் பொழுதில் இணையத்தில் கிடைத்ததைக் கோத்து, இடையிடையே அச்சமூட்டும் இசை சேர்த்து விற்பவரின் சொல்லையும் ஒரே தட்டில் வைக்கிறோமே, அதுவே தவறு. அதைவிடப் பெரிய தவறு, கேட்டதை நம் வாயால் தீர்ப்பாக்குவது.

எட்டாம் கட்டளை யாருக்கு?

பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை நீதிமன்றக் கூண்டில் ஏறுபவருக்கு மட்டும் என்று நினைக்கிறோம். திருச்சபையின் மறைக்கல்வி அப்படிச் சொல்லவில்லை. போதிய அடிப்படையின்றிப் பிறர்மேல் குற்றம் உண்டென மனத்துள் நம்புவதையே அது தவறெனக் கருதுகிறது. புறணியையும் அவதூறையும் அதனோடு சேர்த்தே கண்டிக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நம்மில் எத்தனை பேர் இதை அறிக்கையிட்டிருக்கிறோம்? 'இன்னார்தான் ஆள் வைத்துக் கொன்றார்' என்று ஆதாரமின்றிச் சொன்னேன், சுவாமி, என்று?

தானியேல் நூலில் சூசன்னாவின் கதையை நினைத்துப் பாருங்கள். இரண்டு முதியோர் குற்றம் சாட்டினர். சபை முழுவதும் நம்பியது. கொலைக்களம் நோக்கி அவள் நடத்திச் செல்லப்பட்டாள். கூட்டம் கேட்கத் தவறிய ஒரு கேள்வியை இளைஞன் ஒருவன் கேட்டான். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்றான். இரண்டு வாய், இரண்டு மரம்! பொய் வெளியாயிற்று. நமது மண்ணின் காப்பியத்தில் கோவலனுக்கு அந்த இளைஞன் வாய்க்கவில்லை. ஒரு பொற்கொல்லன் சொன்னான். ஓர் அரசன் ஆராயாமல் நம்பினான். ஒரு தலை உருண்டது. ஒரு நகரம் எரிந்தது.

இது ஏட்டுப் பேச்சு அன்று. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அஞ்சிய பலர் கூட்டம் கூட்டமாக ரயிலேறினர். அனுப்பியவர் எவரும் தம்மைக் கொலைகாரர் என்று நினைத்திருக்கமாட்டார். விரலால் தொட்டு அனுப்பினார், அவ்வளவே. எடப்பாடியில் நாம் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டியதும் உண்டு. கோடநாடு வழக்கோடு பெயர் சேர்ந்த குடும்பங்கள் வெளிநாட்டில் இல்லை. இதே சந்தையில் காய்கறி வாங்குகின்றன. இதே பேருந்தில் ஏறுகின்றன. இறந்தவர் குற்றவாளியா என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. இனி அவர் எழுந்து வந்து மறுக்கவும் முடியாது. நாமோ பேருந்து நிறுத்தத்தில் நின்று தீர்ப்பெழுதுகிறோம்.

மௌனமும் பாவமே

இதைப் படித்து, 'ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்பதே புண்ணியம்' என்று யாரேனும் முடிவு செய்தால் நாம் தோற்றோம். அந்த மௌனத்தின் விலையைக் கத்தோலிக்கராகிய நாம் நன்றாகவே அறிவோம்.

1992 மார்ச் 27 அன்று, கேரளத்தின் கோட்டயத்தில் பத்தாம் பத்திநாதர் பெயரிலமைந்த கன்னியர் இல்லத்தின் கிணற்றில் அருள்சகோதரி அபயா பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றது உள்ளூர்க் காவல்துறை. அதையே வழிமொழிந்தது குற்றப்பிரிவு. 1993-இல் மத்தியப் புலனாய்வுத் துறை ஏற்றது; வழக்கை முடித்துக்கொள்ள அது கேட்டபோதெல்லாம் நீதிமன்றம் மறுத்தது. 28 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், ஒரு குருவுக்கும் ஓர் அருள்சகோதரிக்கும் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கருதித் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது. மேல்முறையீட்டின் முடிவை நாம் முந்திச் சொல்லமாட்டோம். மேலே எழுதிய விதி நமக்கும் பொருந்தும்.

ஆனால் அந்த 28 ஆண்டுகளைப் பற்றிப் பேசலாம் அல்லவா? அபயாவின் பெற்றோர் 2016-இல், தீர்ப்பைக் காணாமலேயே கண்மூடினர். அவ்வளவு காலமும் நம் ஆலய முற்றங்களில் பேசப்பட்டது என்ன? 'திருச்சபைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது.' வழக்கை நிலைக்கச் செய்தவர்களில் ஒருவர், இடி தாங்கியின் செம்புக் கம்பியைத் திருட அந்த இல்லத்திற்குள் நுழைந்த திருடர். கொலையைத் தாமே செய்ததாக ஒப்புக்கொள்ளும்படி வதைக்கப்பட்டதாகவும், பணம் காட்டப்பட்டதாகவும் அவர் கூறினார். ஆனாலும் தாம் கண்டதைச் சொன்னார். தாம் காணாததைச் சேர்த்துச் சொல்லவில்லை. கல்வாரியில் ஒரு கள்வன் உண்மை பேசிய கதையை ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று கேட்கும் நமக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

காணாததை ஊரெல்லாம் பேசுவது ஒரு பாவம். கண்டதைச் சொல்லாதிருப்பது மற்றொரு பாவம். விந்தை என்னவென்றால், இரண்டையும் பெரும்பாலும் ஒரே மனிதர்களே செய்கிறோம். அடுத்த மாவட்டத்துக் கொலையில் நாம் வாயாடிகள். அடுத்த வீட்டுக் கொடுமையில் நாம் ஊமைகள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கேட்கும்போது கேள்வி கேட்போம். இதைச் சொன்னவர் யார்? நீதிமன்றத்தில் பதிவானதா, பேட்டியில் சொன்னதா? மறுதரப்பின் பேச்சு எங்கே? விடையில்லையெனில் அதை நம் வாயால் அடுத்தவருக்குக் கடத்தாதிருப்போம்.

இரண்டாவது, ஊகத்தில் செலவாகும் ஆற்றலைக் கோரிக்கையாக மாற்றுவோம். சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை எல்லா மாநிலங்களும் செயல்படுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஆணையிட்டது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு தரும் ஏற்பாடு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 396ஆம் பிரிவாக இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை ஏழையும் அணுகலாம். நமது பங்குகளில் இதை அறிந்தவர் எத்தனை பேர்? ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் வழக்கறிஞர் ஒருவரை அழைத்து அரைமணி நேரம் விளக்கச் சொன்னால் போதுமே! வழக்கு ஏன் இழுக்கிறது என்று கேட்பது புறணி ஆகாது. அது குடிமகனின் கடமை.

மூன்றாவது, நம் நடுவேயுள்ள ஓம் பகதூர்களை அறிந்துகொள்வோம். தறிக்கும் கட்டட வேலைக்கும் கிடங்குக் காவலுக்கும் வடக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோர் நம் தெருக்களில் வாழ்கின்றனர். 'ஏய் பாய்', 'ஏய் கூர்க்கா' என்பதன்றி அவர்களுக்கு வேறு பெயர் நாம் வைத்ததில்லை. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூவியபோது, கடவுள் காயினிடம் கேட்டது துப்பறியும் கேள்வி அன்று. உன் சகோதரன் எங்கே என்பதே அக்கேள்வி. நமக்கும் அதுவே முதற்கேள்வி.

அடுத்த மாதக் கூட்டத்தில் விசுவாசிகள் மன்றாட்டின்போது, அந்தப் பெரியவரே எழுந்து ஓம் பகதூருக்காகவும் அவரைச் சார்ந்தோருக்காகவும் செபித்தார். பெயரைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். "மன்றாடுகிறோம்" என்று நாம் பதில் சொன்னோம். தேநீர் வந்தபோது சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒருவர் அவரைப் பார்த்து, "ராத்திரிக் கிடங்குல நீங்க ஒருத்தராத்தான் இருக்கறீங்களா? கூட ஆளு இல்லீங்களா?" என்று கேட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் நம் அன்பியத்தில் இருக்கிறார். அக்கேள்வியை யாரும் கேட்டது அதுவே முதன்முறை.