பூனையின் பெயரால் ஒரு பொம்மைச் சந்தை

செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்கென்று விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களைச் சற்றே நின்று பாருங்கள். சிவப்பு இதயங்கள், பொத்தான் கண் வைத்த எலிகள், சரிகை வால் தொங்கும் மீன்கள். இவற்றைத் தேர்ந்து காசு கொடுப்பவன் மனிதன். எனவே இவை மனிதக் கண்ணுக்காகவே செய்யப்படுகின்றன. சிவப்பைப் பூனை நம்மைப்போல் காண்பதில்லை. நீலமும் மஞ்சளுமே அதற்கு ஓரளவு பிரித்தறியக்கூடிய நிறங்கள். பூனையின் பெயரால் நாம் நமக்கே பொம்மை வாங்கிக்கொள்கிறோம் என்பதே நம் குற்றச்சாட்டு.

அப்படியானால் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்பார்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் வாரப் பத்திரிகைகளின் கைவேலைப் பக்கங்களும் இதே நோயில்தான் உழல்கின்றன. கம்பளி நூல் குஞ்சம், ரப்பர் வளையம், சரிகை இழை என்று அழகுக்கு மேல் அழகு சேர்க்கிறார்கள். பூனை நாக்கின் முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை. அவற்றில் சிக்கிய நூலைத் துப்புவது அதற்கு எளிதன்று, விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் நகர்ந்தால், சுருக்குப்பையின் வாய்போலக் குடல் சுருங்கி அறுபடும். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி. தாமதித்தால் உயிர் போகும். வெளியே தெரியும் நூலை நாமே பிடித்திழுப்பது அதனினும் கேடு. நம் கண்ணுக்கு அழகான குஞ்சம் அதன் குடலுக்குக் கத்தி.

இலக்கியம் பேசும் இடத்தில் பூனைப் பந்துக்கு என்ன வேலை என்று முணுமுணுக்கும் நண்பர்களுக்குப் புறநானூற்றின் 326ஆம் பாடலை நினைவூட்டுகிறோம். இரவில் வேலியோரம் திரியும் வெருகுக்கு அஞ்சி இளங்கோழி நடுங்கி அலறுகிறது. பருத்தி நூற்கும் பெண் குப்பையைத் தட்டிக் களைய எழுகிறாள். அவளது சிறு விளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு கோழி அச்சம் தணிகிறது. அந்தப் புலவர் கண்டது வேட்டை விலங்கை. நாம் காண்பதோ மெத்தைமேல் கிடக்கும் பஞ்சுப்பொதியை. வீட்டுப் பூனையும் பதுங்கும், துரத்தும், பாயும், கடிக்கும். அதன் விளையாட்டென்பது இந்த வேட்டையே. சுவரில் ஓடும் லேசர் புள்ளி பதுங்கவும் பாயவும் இடம் தருகிறது. கடைசியில் பிடிபட ஒன்றுமில்லை. பசித்தவனுக்குச் சோற்றுப் படத்தைக் காட்டுவது இது.

ஆகவே செய்முறை எளிது. திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பில் அது எளிதில் நூல் பிரியாமல் சுருண்டுகொள்ளும். சுண்டெலி அளவில் உருட்டி, உள்ளே சலசலக்கும் காகிதம் வைத்து, நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். பொத்தான் வேண்டாம், மணி வேண்டாம். கொல்லையில் குப்பைமேனி இருந்தால் அதன் வேரைக் காயவைத்து உள்ளே பொதியலாம். மணத்துக்கு மட்டும், தின்னக் கொடுப்பதற்கன்று. அந்த வேரை நாடிப் பூனை வருவதால்தான் அச்செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. கடையில் காசு கொடுத்து வாங்கும் இறக்குமதி மூலிகைக்கு நம் கொல்லையில் ஓர் உறவு இருப்பதை மறந்துபோனோம்.

வாங்கிய பொம்மையைப் பூனை இரண்டே நாளில் கைவிட்டுவிடுகிறது என்று புலம்புகிறார்கள். 2002இல் ஜான் பிராட்ஷா உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டியது இதுதான்: ஒரே பொருளோடு தொடர்ந்து விளையாடும் பூனைக்குச் சலிப்பு வருகிறது, பொருளை மாற்றினால் ஆர்வம் மீள்கிறது. கடைக்காரருக்கு இது வருமானம். துண்டுத்துணி உள்ளவருக்கோ ஐந்து நிமிடத் தையல்.

ஆனால் துணிப்பந்து தானாக ஓடாது. அதை உருட்ட ஒரு கை வேண்டும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில், அது கொன்று கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. அணிலுக்கும் தவிட்டுக்குருவிக்கும் இதில் பங்குண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரமில்லை என்பவர்கள்தாம் பொம்மைகளை அதிகம் வாங்குகிறார்கள். தராத பத்து நிமிடத்துக்கு ஈடாக அவர்கள் செலுத்தும் அபராதம் அது. அந்தத் தொகை கடைக்காரருக்குப் போகிறது, பூனைக்குப் போவதில்லை.